வெண்மையின் விலை

பல்லி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் உருவமன்று, குரல்தான். எந்தத் திசையில் ஒலித்தால் என்ன பலன், உடலின் எந்தப் பகுதியில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் இன்றும் பட்டியல் தருகின்றன. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வரும் குடும்பங்களிலும், ஏதேனும் முக்கியமான பேச்சு நடக்கும்போது சுவரில் பல்லி ஒலித்தால், "பார்த்தீர்களா, பல்லியும் சொல்லிவிட்டது" என்று தரையைத் தட்டும் பெரியவர்கள் உண்டு. அந்தச் சிற்றுயிர் எத்தனை ஆண்டு வாழும், எப்படிக் குஞ்சு பொரிக்கும் என்று கேட்டால் மட்டும் விடை வராது.

எனக்கும் அதைப்பற்றி அக்கறை பிறந்தது கடல் கடந்த பின்னரே. 2016 முதல் 2021 வரை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்ற நான் அனுப்பப்பட்டிருந்தேன். பங்கு மக்களுள் பெரும்பாலோர் மெக்சிக்க மரபினர். குருவை அவர்கள் "பாத்ரே" என்று வாஞ்சையோடு அழைப்பார்கள். அவர்களுள் ஒரு தச்சுத் தொழிலாளியின் குடும்பம், தங்கள் வண்டிக் கொட்டகையின் ஒரு பாதியில் பல்லிகளை வளர்த்து வந்தது. வீட்டை மந்திரிக்கச் சென்ற என்னிடம், "இவர்களையும் ஆசீர்வதியுங்கள், பாத்ரே" என்று அந்த வீட்டின் பதின்மூன்று வயது மகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்த பிளாஸ்டிக் தொட்டிகளைக் காட்டினாள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பல்லி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறிப்பேட்டில் ஒரு பக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் போலவே தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் எல்லாம் அதில் இருந்தன.

சிறுத்தைப் பல்லி

அந்தப் பல்லிகள் நம் வீட்டுச் சுவரில் ஓடுபவை போன்றவையல்ல. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்டமையால் சிறுத்தைப் பல்லி என்று அவற்றுக்குப் பெயர். நம் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. நாவினால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ அசையும் இமைகள் உண்டு; கண்ணை மூடி உறங்கும். நம் பல்லியின் விரல்களில் சுவரைப் பற்றும் மெத்தைகள் உண்டு. அதற்கு அவை இல்லை. ஆகவே கண்ணாடித் தொட்டியில் ஏறித் தப்பிவிடாது. கையில் எடுத்தால் அமைதியாக நடக்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்துவைத்து, உணவு கிடைக்காத காலத்தில் அதைக்கொண்டு பிழைக்கும். நன்றாகப் பேணினால் 15 அல்லது 20 ஆண்டுகள் வாழும்.

அதன் தாயகம் அமெரிக்கா அன்று. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களே அதன் வீடு. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்திய எட்வர்ட் பிளைத் என்னும் அறிஞர், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்ததைக் கொண்டு, 1854-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் துணைக்கண்டத்துப் பிள்ளை ஒன்று அந்நிய நாட்டில் செல்லப்பிள்ளையாக வளர்வதைக் கண்டபோது, நானும் அங்கே அந்நியன் என்பதாலோ என்னவோ, எனக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டாயிற்று.

இந்த இனம் மனிதரின் வளர்ப்பில் பல தலைமுறைகள் கண்டுவிட்டது. அவ்வாறு வளர்க்கையில், இயல்பான மஞ்சளும் கறுப்பும் அல்லாத குஞ்சுகள் அவ்வப்போது பிறந்தன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கியதால் இன்று எண்ணற்ற நிற வகைகள் உள்ளன. வளர்ப்பவர்கள் இவ்வகைகளை "மார்ஃப்" என்பார்கள். ஆரஞ்சு நிறம் மிகுந்தது "டேஞ்சரின்". புள்ளியே இல்லாமல் ஒரே வெளிர் நிறமானது "பிளிசர்ட்". கண் முழுவதும் கறுத்தது "எக்லிப்ஸ்". மஞ்சள் குன்றி வெள்ளையும் கறுப்புமாய்ப் பிறப்பது "மேக் ஸ்னோ". பார்க்க அழகாக இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. அரியதாக இருந்தால் விலையும் அதிகம்.

துறவி வகுத்த கணக்கு

ஒரு பல்லியின் நிறத்தைக் கண்டு அது இன்ன வகை என்று கூறுவது எளிது என்றே யாரும் நினைப்பர். அந்தத் தச்சர் எனக்கு அளித்த முதற்பாடம், கண்ணை நம்பாதே என்பதே. குஞ்சு பிறக்கும்போது புள்ளிகள் இரா. பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டைகள் சிதைந்து புள்ளிகளாகும். வெள்ளையும் கறுப்புமாகப் பிறந்த "மேக் ஸ்னோ" குஞ்சுக்கு வயது ஏற ஏற மஞ்சள் படரும்; அதன் குஞ்சுப் பருவத்தைக் காணாதவர் அதை வெளிறிய சாதாரணப் பல்லி என்றே எண்ணுவர். பிறவியிலேயே புள்ளியற்றது "பிளிசர்ட்". பிறக்கும்போது திட்டுக்கள் இருந்து பிறகு மறைவது "மர்ஃபி" வகை. வளர்ந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். ஆகவே பிறந்த அன்று ஒரு படம், மாதம் ஒரு படம், தாய் தந்தையர் பெயர் என்று எழுதி வைத்தால்தான் வகையை உறுதியாகச் சொல்ல முடியும். குறிப்பேடு இல்லாதவனின் பல்லிக்கு வம்சம் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே கூறுவார்.

அக்குறிப்பேட்டின் பின்னே நிற்கும் கணக்கை உலகுக்கு முதலில் அளித்தவர் ஓர் அகுஸ்தீனார் சபைத் துறவி என்பதை நம் குடும்பங்கள் நினைவில் வைப்பது நன்று. கிரகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை, புருனோ நகரின் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பண்புகள் தலைமுறை தோறும் எவ்வாறு இறங்கி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். 1866-இல் அச்சேறிய அவருடைய கட்டுரையை அன்று பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1884-இல் அவர் மறைந்தார். 1900-ஆம் ஆண்டில்தான் அதன் மதிப்பு உலகுக்குப் புலனாயிற்று. குருமடத்தில் அவர் பெயரைக் கேட்டிருந்தேன். அவர் வகுத்த கணக்கு ஒரு தச்சரின் கொட்டகையில் நாள்தோறும் போடப்படுவதை டெக்சாசில்தான் கண்டேன்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுக்கள் வரும். சில நிறங்கள் இரண்டும் மாறியிருந்தால்தான் வெளித்தெரியும். இவை ஒடுங்கு பண்புகள். "பிளிசர்ட்", "எக்லிப்ஸ்" ஆகியன அத்தகையன. ஒன்று மட்டும் மாறியிருந்தால் பல்லி சாதாரணமாகவே தோன்றும். ஆயினும் அந்த நிறத்தை மறைவாகச் சுமக்கும். இவ்வாறு மறைவாகச் சுமக்கும் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று அந்நிறத்தில் பிறக்கும். மற்ற மூன்றும் பார்வைக்குச் சாதாரணம். அவற்றுள் இரண்டு சுமப்பவை, ஒன்று சுமக்காதது. எது எதுவென்று எவராலும் பார்த்துச் சொல்ல இயலாது. சந்தையில் விற்பவர்கள் அத்தகைய குஞ்சின் மேல் "66 விழுக்காடு" என்று சீட்டு ஒட்டுவது, மூன்றில் இரண்டு என்னும் இந்தக் கணக்கினால்தான்.

"மேக் ஸ்னோ" போன்றவை வேறு விதம். மரபணு ஒன்று மாறினாலே நிறம் தெரியும். இரண்டும் மாறினால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். இவ்வகையில் மறைவு என்பதே இல்லை. நிறம் இருந்தால் மரபணு உண்டு. நிறம் இல்லையேல் மரபணுவும் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு இதுவே திறவுகோல்.

மூன்று வெண்ணிறங்கள்

கறுப்பு நிறமி குன்றிய "அல்பினோ" வகையைப் பற்றியும் ஒரு சொல். சிறுத்தைப் பல்லியில் இது 1996-இல் முதன்முதலாக ட்ரெம்ப்பர் என்னும் வளர்ப்பாளரிடம் தோன்றியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், தொடர்பே இல்லாத வேறு இரு இடங்களில் "ரெயின்வாட்டர்", "பெல்" என்னும் பெயர்களில் மேலும் இரு வரிசைகள் தோன்றின. பார்வைக்கு மூன்றும் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். ஆனால் ஒரு வரிசையின் ஆணையும் மற்றொரு வரிசையின் பெண்ணையும் சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகள் யாவும் சாதாரண நிறத்தில் இருக்கும். பெற்றோர் இருவரும் வெள்ளை. பிள்ளைகளோ கறுப்புப் புள்ளிகளோடு! காரணம், மூன்று வரிசைகளிலும் பழுதுபட்டது ஒரே மரபணு அன்று. தாயிடம் பழுதானதைத் தந்தையின் நல்ல மரபணு ஈடுசெய்கிறது. தந்தையிடம் பழுதானதைத் தாயுடையது ஈடுசெய்கிறது.

அறியாமல் கலந்துவிட்டால் அக்குஞ்சுகளும் அவற்றின் சந்ததியும் எதைச் சுமக்கின்றன என்று பின்னர் எவரும் பிரித்தறிய முடியாமற் போகும். அதனால் நேர்மையான வளர்ப்பாளர்கள் வம்சம் தெரியாத அல்பினோவை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை; செல்லப்பிராணியாக மட்டும் வைத்துக்கொள்வார்கள். மேலும் அல்பினோவின் கண்ணுக்கு வெளிச்சம் ஒவ்வாது. மங்கிய ஒளியிலேயே அதை வைக்கவேண்டும். அழகு கூடும்போது பேணுகிறவனின் கடமையும் கூடுகிறது என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

இரண்டு முட்டைகளும் ஒரு வெப்பமானியும்

இனப்பெருக்கத்தைப் பற்றிச் சொல்லாவிடில் கட்டுரை நிறைவுறாது. பெண்பல்லி ஏறக்குறைய ஓராண்டு நிரம்பி, போதிய எடை கண்ட பின்னரே ஆணோடு சேர்க்கப்படும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண் ஒரு தடவைக்கு இரண்டு முட்டையிடும். பருவத்தில் பல தடவை இடும். முட்டையின் ஓடு கோழி முட்டையைப் போல் கடினமானதன்று, தோல்போல் மெல்லியது. ஈரமண் நிரப்பிய சிறு பெட்டியில் தாய் அதைப் புதைக்கும். தச்சர் அம்முட்டைகளை இரு விரலால் எடுத்து, மேற்புறம் எதுவோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புரளாமல் அப்படியே அடைகாப்புப் பெட்டிக்கு மாற்றுவார். புரண்டால் உள்ளிருக்கும் கரு மடிந்துபோகக்கூடும். முட்டையிடும் காலத்தில் தாயின் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்து செலவாகும். ஆதலால் அதற்கு இடும் புழுக்களையும் பாச்சைகளையும் கால்சியம் பொடியில் புரட்டியே கொடுப்பார்கள்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை இந்தப் பல்லியில் தீர்மானிப்பது வெப்பம். முட்டைகளை 26 பாகை செல்சியசில் வைத்தால் ஏறக்குறைய யாவும் பெண், 32.5 பாகையில் பெரும்பாலும் ஆண். 34 பாகையில் மறுபடியும் பெரும்பாலும் பெண்! ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். முட்டையிருந்த வெப்பம் வளர்ந்த பல்லியின் குணத்தையும் மாற்றுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 32.5 பாகையில் பிறந்த பெண்கள், 26 பாகையில் பிறந்த பெண்களைவிடச் சண்டைக் குணம் மிக்கவை. நிறமும் வெப்பத்துக்குக் கட்டுப்படும்: குளிர்ந்த சூட்டில் பொரித்த அல்பினோ பழுப்பேறிப் பிறக்கும், கூடிய சூட்டில் பொரித்தது வெளிறிப் பிறக்கும். நிறத்தை மட்டும் கண்டு வகையைக் கூறத் துணிபவர் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலுமிச்சைப் பனி

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2012-ஆம் ஆண்டளவில், சாதாரணப் பெற்றோர் இருவருக்குப் பிறந்த குஞ்சுகளுள் ஒரு புதுமை தோன்றியது. உடலின் அடிநிறம் பனிபோல் வெளுத்து, அதன்மேல் மஞ்சள் எலுமிச்சைபோல் மின்னியது. கண்ணிலும் அந்த வெண்மை படர்ந்திருந்தது. "லெமன் ஃப்ராஸ்ட்", அதாவது எலுமிச்சைப் பனி, என்று பெயரிட்டார்கள். "மிஸ்டர் ஃப்ராஸ்டி" என்னும் ஒரே ஆண்பல்லியின் வழியாகவே இந்த நிறம் பரவியது. வளர்ப்பாளர் ஸ்டீவ் சைக்ஸ் அதனை 2015-இல் வாங்கிப் பெருக்கினார். மரபணு ஒன்று மாறினாலே வெளித்தெரியும் நிறமாதலால், அதனைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தாலும் குஞ்சுகளில் பாதி எலுமிச்சைப் பனியாகவே பிறந்தன. எங்கும் அதற்கே கிராக்கி.

நான் சொன்ன குடும்பமும் 2017-இல் அத்தகைய ஆண்குஞ்சு ஒன்றை வாங்கியது. தச்சர் மூன்று வார விடுமுறை நாட்களில் வெளிவேலை செய்து சேர்த்த பணம் அது. மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவை மெக்சிக்க மரபினர் திருமணத்துக்கு நிகராகக் கொண்டாடுவார்கள். அந்தச் செலவை இந்தப் பல்லியின் குஞ்சுகள் ஈட்டித்தரும் என்பது அவர் போட்ட கணக்கு. 2018-இல் அதனை இரண்டு பெண்பல்லிகளோடு சேர்த்தார்கள். எட்டு முட்டைகள் அடைகாப்புப் பெட்டியில் இருந்தன. வாங்குவதாகச் சொல்லி மூவர் முன்பணமும் அனுப்பியிருந்தனர்.

ஒரு நாள் மாலை, தொட்டியைச் சுத்தம் செய்த மகள், தந்தைப் பல்லியின் வயிற்றுத் தோலில் அரிசிமணி போன்ற வெண்ணிறப் புடைப்பு ஒன்றைக் கண்டாள். ஒரு வாரத்தில் தேடிப்பார்த்தபோது மூன்று தென்பட்டன. நகரத்து விலங்கு மருத்துவர் ஒன்றை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கட்டி என்று விடை வந்தது. அதற்குள் வேறு பலருடைய எலுமிச்சைப் பனிகளிலும் இத்தகைய கட்டிகள் தோன்றுவதாக வளர்ப்பாளர்களிடையே பேச்சு பரவியிருந்தது. நல்ல வரிசைகளோடு தொடர்ந்து சேர்த்தால் கட்டி குறைந்துவிடும் என்று நம்பியவர்களும் இருந்தனர். உடனே நிறுத்திவிட வேண்டும் என்றவர்களும் இருந்தனர்.

ஞாயிறு மாலை என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். உணவு மேசையைச் சுற்றித் தந்தை, தாய், மகள் மூவரும் அமர்ந்திருந்தனர். மகள் நேராகக் கேட்டாள்: "பாத்ரே, இதைத் தந்தையாக்குவது பாவமா?"

வேதபாடக் கேள்வியைப்போல் ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. "குஞ்சுகளை விற்கும்போது, தகப்பனுக்குக் கட்டி இருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்வாயா, மகளே?" என்று கேட்டேன்.

"சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள்."

"சொல்லாமல் விற்பாயா?"

அவள் தன் தந்தையைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம்," என்றார். அந்தச் சொற்கள் அவருக்கு எத்தனை வார உழைப்பின் விலை என்பது எனக்குத் தெரியும். தாய் மட்டும் ஒரு கேள்வியை எழுப்பினாள்: "பெட்டியில் இருக்கும் முட்டைகள்?"

அங்கேதான் மெண்டலின் கணக்கு துணைக்கு வந்தது. எட்டில் சராசரி நான்கு, சாதாரண நிறத்தில் பிறக்கும். மறைவாகச் சுமப்பது என்பதே இந்த நிறத்தில் இல்லாதபடியால், அவை இந்தக் கேட்டிலிருந்து முற்றிலும் விடுபட்டவை. அவற்றின் பிள்ளைகளும் அப்படியே. நிறத்தோடு பிறப்பவற்றை விற்பதில்லை, இனம் பெருக்குவதில்லை. அவை வாழும் வரை தங்கள் வீட்டிலேயே பேணுவது என்று மகளே தீர்மானம் சொன்னாள். "யார் தீனி போடுவது?" என்று தாய் கேட்டாள். "நான்," என்றாள் மகள்.

ஏழு குஞ்சுகள் பொரித்தன. மூன்று சாதாரணம், அவற்றைப் பங்கின் மூன்று குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நான்கு எலுமிச்சைப் பனி. அவ்வளவு அழகான உயிர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. தந்தைப் பல்லி 2019-இல் உண்ண இயலாத நிலையை அடைந்தது. மருத்துவர் அதனை வலியின்றி இறக்கச் செய்தார். 2021-இல் நான் தாயகம் திரும்பியபோது, அந்த நால்வருள் மூன்றுக்குக் கட்டிகள் வந்திருந்தன. மகள் அவற்றுக்குத் தவறாமல் தீனி போட்டு வந்தாள். பிறந்தநாள் விழா பங்கு மண்டபத்தில் நடந்தது; சமையலை அண்டை வீட்டார் பகிர்ந்துகொண்டார்கள்.

அழகும் நோயும் ஒன்றாகவே

அதே 2021-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த லோங்குவா குவோ, லியோனிட் குருக்லியாக் முதலியோர், சைக்சின் துணையோடு தாங்கள் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஐந்து வயதுக்குள் எலுமிச்சைப் பனிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு இந்தக் கட்டிகள் தோன்றின என்று அவர்கள் கண்டார்கள். காரணமாக அவர்கள் சுட்டியது "ஸ்பின்ட்-1" என்னும் மரபணுவை. மனிதரின் கொடிய தோற்புற்றிலும் அதற்குத் தொடர்பு உண்டு என்று அறியப்பட்டிருந்தமையால், இந்தச் சிறு பல்லியின் துன்பம் மருத்துவ ஆராய்ச்சிக்கும் ஒரு பாடமாயிற்று.

அவர்களுடைய முடிவில் என் உள்ளத்தை உலுக்கிய பகுதி வேறு. பல்லியின் தோலில் கறுப்புக்கு ஒருவகை அணு, மஞ்சளுக்கு ஒருவகை அணு, ஒளியைத் திருப்பி வெண்மை காட்டுவதற்கு ஒருவகை அணு என்று தனித்தனியே உண்டு. எலுமிச்சைப் பனியில் அளவுக்கு மீறிப் பெருகுவது மூன்றாம் வகை அணு. அதன் பெருக்கமே அந்தப் பனி வெண்மை. அதன் பெருக்கமே அந்தக் கட்டி. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் நீக்கிவிடலாம் என்று எண்ணுவோருக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று எண்ணிப் பாருங்கள்.

இது ஒரு தனி நிகழ்ச்சியுமன்று. "எனிக்மா" என்று மற்றொரு வகை உண்டு. புள்ளிகள் அழகாகச் சிதறியிருக்கும். அவற்றுள் பல, தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமிடும்; வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும்; இரையைக் குறிபார்த்துக் கவ்வ இயலாமல் தவறவிடும். அதுவும் நிறத்தோடு சேர்ந்தே வரும் நரம்புக் கோளாறு. அதனையும் விலை கொடுத்து வாங்கினார்கள், விலைக்காகப் பெருக்கினார்கள்.

வாசகர்களே, நம் ஊரில் யார் சிறுத்தைப் பல்லி வளர்க்கிறார்கள் என்று கேட்கலாம். ஊர்வன எதையும் வாங்குமுன்னோ பிடிக்குமுன்னோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறதா என்று விசாரித்தறிவது முதற்கடமை. ஆனால் இந்தப் பாடம் பல்லியோடு முடிவதில்லை. முகம் தட்டையாக இருப்பதே அழகு என்று வளர்க்கப்படும் பக் நாய்கள் நம் நகரங்களிலும் பெருகிவிட்டன. அந்தத் தட்டை முகத்தினாலேயே அவை மூச்சுக்குத் திணறுகின்றன; நம் சித்திரை வெயிலில் அவற்றின் பாடு சொல்லத் தரமன்று. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் தங்கமீனையும் அழகுக்காகவே உண்டாக்கினார்கள். அந்தப் பை கிழியாமல் காப்பது பெரும்பாடு. "எவ்வளவு அழகு!" என்று நம் பிள்ளைகள் கடைக் கண்ணாடியில் முகம் பதிக்கும்போது, பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இதன் தாய் தந்தை எவை? அவை நலமாக உள்ளனவா? எத்தனை வயது வரை வாழ்ந்தன? இந்த அழகை அந்த உயிர் எந்த விதத்தில் சுமக்கிறது? விற்பவர் விடை சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே விடை.

எலுமிச்சைப் பனியின் மரபணு மறைந்து நிற்பதில்லை என்று முன்னர்க் கூறினேன். அடையாளம் காணக் கற்றவர்கள் அத்தனை பேரும் இனி அவற்றைப் பெருக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தலைமுறையோடு அக்கேடு முடிந்துபோகும். ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டாது. எல்லாக் கேடுகளுக்கும் இத்தகைய எளிய முடிவு இல்லை. இருக்கும் ஒன்றையாவது பயன்படுத்துவோமா என்பது வாங்குவோர் கையிலும் விற்போர் கையிலும் உள்ளது. ஒரு தச்சரின் வீட்டார் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அதற்காக அவர்களுக்கு எவரும் பரிசு அளிக்கவில்லை. நான்கு பல்லிகளுக்கு நாள்தோறும் தீனி போடும் வேலைதான் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பிராணி வாங்கித்தர எண்ணும் நம் பெற்றோர், கடைக்குப் புறப்படுமுன் அந்தச் சிறுமியை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்பியே இதனை எழுதினேன்.